பூண்டு உரித்த மிஸ்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு முப்பத்தெட்டு. குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. ஓர் ஓட்டு வீடும் மூன்று பிள்ளைகளும், பிரியாணிக் கடைகளுக்கு உரித்துக் கொடுக்க வேண்டிய இரண்டு மூட்டைப் பூண்டும் இருந்தன. பெயர் மைமூன்.

சீடரின் பெயர் பிரிசில்லா. பி.எட். முடித்துவிட்டு ஒன்பது வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அவள் எப்படிப் பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் சீடராக உட்கார்ந்தாள் என்று கேட்டால், வேறு வழியில்லாமல்தான். ஆசைப்பட்டு யாரும் சீடராவதில்லை.

அவளுடைய மகன் நேசனுக்கு எட்டு வயது. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் வாந்தி எடுப்பான். வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான். அவனுக்காகப் பிரிசில்லா வேலையை விட்டாள். வேலையோடு, அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கட்டணச் சலுகையும் போயிற்று. ஐந்து வயது ஜோவிதாவும் வீட்டோடு நின்றாள்.

"ஒரு வருஷம் வீட்டுலயே சொல்லிக் குடு. ஜூன்ல பாப்போம்" என்றான் கணவன் ஜெயசீலன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டுக்கு இப்போது அவன் ஒருவன் சம்பாத்தியம்தான்.

பிரிசில்லா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழுத்து அட்டைகள் செய்தாள். தினமும் கிழிக்கும் காலண்டர் தாள்களைச் சேர்த்துத் தைத்து, பின்பக்கத்தை நோட்டாக்கினாள். புளியங்கொட்டையில் கூட்டல், சட்டைப் பொத்தானில் கழித்தல். கைக்காசு கரையாமல் ஒரு பள்ளிக்கூடமே கட்டிவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வீடு வேறு, பள்ளி வேறு என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே! அதற்காகக் காலை ஒன்பது மணிக்கு நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொள்வாள். பிள்ளைகள் பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். "குட் மார்னிங் மிஸ்" என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டரைக்கு டம்ளரில் கரண்டியால் தட்டுவாள். அதுதான் மணி. பிள்ளைகள் மறுபடி முன்வாசலில் இறங்கிப் பின்வாசலில் ஏறுவார்கள். உள்ளே அம்மா நைட்டியில் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு ஜோவிதா நாற்காலி தடுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம். பிரிசில்லா ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள். குழந்தை விம்மிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டது:

"மிஸ், அம்மா எப்ப வருவாங்க?"

அன்றைக்கு டம்ளர் மணி அடிக்கவில்லை.

சாயங்காலம் ஜெயசீலனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஜூன்ல ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துலயே சேத்துருவோம் பிரிசி. மிஸ் அங்க இருக்கட்டும். இங்க பிள்ளைகளுக்கு அம்மா வேணும்."

"நேசன்?"

அவன் ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னான்: "நான் பூண்டு மூட்டை இறக்கற வீட்டுல ஒரு தங்கச்சி மூணு பிள்ளைகளையும் வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்குது. போயித்தான் பாரேன்."

மறுநாள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பிரிசில்லா போனாள்.

மைமூன் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் ரிஸ்வானாவுக்குப் பத்து வயது. சாக்கில் கட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னது இரண்டும் பூண்டுத் தோலை ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தன.

"ஏம்மா, இந்த மூட்டை மட்டும் முளை விட்டுருக்கு. ஏன்னே புரியல" என்றாள் மைமூன், மகளிடம்.

"எனக்கும் தெரியலம்மா. ஈரத்துல வச்சுருந்தாங்களோ?" என்று ரிஸ்வானா சாக்கைத் தடவிப் பார்த்தாள்.

பிரிசில்லா தன்னை யாரென்று சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். ஜோவிதா கேட்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மைமூன் கேட்டுக்கொண்டாள்.

"வேலை மாறி வேலை மாறி நாலு ஊரு பாத்துட்டோம் டீச்சரக்கா. எங்கயும் பாதி வருஷத்துல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் வீட்டோட வச்சுக்கிட்டேன். உங்கள மாதிரி திட்டம்லாம் இல்ல."

"ஆனா படிக்கறாங்களே. எப்படிச் சொல்லிக் குடுக்கறீங்க?"

"உக்காருங்க. பூண்டு உரிங்க."

பிரிசில்லா உட்கார்ந்தாள். மைமூன் ஒரு முழுப் பூண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன?"

"பூண்டு."

"வெரி குட். என்ன கலரு?"

"வெள்ளை."

"முழுசாச் சொல்லுங்க."

பிரிசில்லா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "பூண்டு வெள்ளையாக இருக்கும்."

"சூப்பர். எத்தனை பல்லு இருக்கு?"

உடைத்து எண்ணினாள். "பதினொண்ணு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். ஆனாலும் பன்னிரண்டோ என்று இந்த முறை சந்தேகம் வந்தது. மைமூனின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

"பதினொண்ணு... தானே?"

"வெரி குட். இது பெரிசா, இது பெரிசா? இந்தக் கூடை எதுல செஞ்சது? நாம உக்காந்துருக்கறது தரையா, சுவரா?"

அரை மணி நேரம் இப்படியே போனது. பூண்டுச் சாறு பட்டு விரல் நுனி எரிந்தது. எட்டு வயதுக்காரர்களிடம்கூடக் குரலை உயர்த்தாத பிரிசில்லா வெடித்துவிட்டாள்.

"எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே! தெரிஞ்சுக்கிட்டே என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

மைமூன் அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள்.

பிரிசில்லாவின் கை அப்படியே நின்றது. காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று, தோசை வட்டமா சதுரமா என்று நேசனைக் கேட்டது ஞாபகம் வந்தது. அவன் வட்டம் என்று சொல்லிவிட்டு, சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதாள். மைமூன் துப்பட்டாவின் நுனியை நீட்டினாள்.

"ஒரு வாரத்துக்கு, உங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்விய பிள்ளைகள்ட்ட கேக்காதீங்கக்கா. அம்புட்டுதான்."

"அப்ப பாடம்?"

"ஒரு வாரத்துல பாடம் எங்க ஓடிரப் போகுது?"

முதல் நாள் பிரிசில்லா கிட்டத்தட்ட ஊமையாக இருந்தாள். வாழைப்பழத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். மஞ்சள் என்று அவளுக்கே தெரியும். மூடிக்கொண்டாள். படியில் ஏறும்போது எண்ணச் சொல்ல வாயெடுத்தாள். படி எத்தனை என்றும் தெரியும். பிள்ளைகளிடம் பேசுவதற்குத் தன்னிடம் வேறு எதுவுமே இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"மிஸ்ஸுக்குத் தொண்டை வலியா?" என்று நேசன் தங்கையின் காதில் கேட்டான்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு கேள்வி கிடைத்தது.

"நேசா, இட்லிய ஏன் எப்பவும் சுத்தி ஓரத்தையே தின்னுட்டு வர்ற?"

அவன் பயந்தான். பிறகு அவள் உண்மையாகவே கேட்கிறாள் என்று புரிந்துகொண்டு சொன்னான்: "நடுவுலதான் மெத்துன்னு இருக்கும். அதக் கடைசிக்கு வச்சுக்குவேன்."

இத்தனை வருடமாக அவனுக்கு இட்லி போடுகிறவளுக்கு இது தெரியாது. அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள்.

மூன்றாம் நாள் காலை வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். சேலை இல்லை. பிரிசில்லா நைட்டியோடு காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சுத்தமாத் தீந்துருச்சு. குழாயில எப்ப வரும்னே தெரியலையே" என்றாள். பாடம் நடத்துகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அவர்கள் தெருவுக்குத் தினமும் தண்ணீர் வராது. வந்த நாளில் காலண்டர் தாளில் ஒரு குடம் வரைந்து வைப்பது பிரிசில்லாவின் பழக்கம். அந்தத் தாள்களெல்லாம் இப்போது பிள்ளைகளின் நோட்டுகள்.

நேசன்தான் முதலில் நோட்டைத் திருப்பினான். "ம்மா, இங்க ஒரு குடம் இருக்கு. ஜனவரி ஒன்பது."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து நோட்டுகளைப் பிரித்தார்கள். ஜோவிதா குடத்தைக் கண்டுபிடிப்பாள். நேசன் தேதியைப் படிப்பான். எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணி எழுதினான். ஐந்து, எட்டு, ஐந்து, ஆறு, ஐந்து. அந்த எட்டு ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பொங்கல் விடுமுறையோ என்று அவனே சொன்னான். பன்னிரண்டரை தாண்டிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரும்" என்று நேசன் அறிவித்தான்.

வெள்ளிக்கிழமை குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். ஜெயசீலன்கூட ஒரு லோடைத் தள்ளிப் போட்டுவிட்டு நின்றான். தண்ணீர் வரவில்லை. பிரிசில்லா மகனின் வாயையே பார்த்தாள், இதோ வாந்தி எடுக்கப் போகிறான் என்று.

நேசன் குழாயில் காதை வைத்துப் பார்த்தான். "தப்பாயிருச்சும்மா. ஏன்னு தெரியல" என்றான். பயமில்லாமல் சொன்னான். நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜோவிதா கத்தினாள்: "அம்மா! குழாய் கொர்ருங்குது! அம்மா, ஓடி வா! அம்மா!"

பிரிசில்லா ஓடினாள். குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜெயசீலன்தான் குடத்தை மாற்றினான்.

"ஜூன் என்ன பண்றது?" என்று அவனிடம் கேட்டாள்.

"நேசன்கிட்டயே கேப்போம்" என்றான் அவன். "அவனுக்கு என்ன தோணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமை பிரிசில்லா மறுபடியும் மைமூனின் வீட்டுக்குப் போனாள். யாரும் சொல்லாமலே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். நடந்ததையெல்லாம் கொட்டினாள். இட்லிக் கதைக்கு மைமூன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த வழிய உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க மைமூன்?"

"யாருக்கா சொல்லணும்? நான் படிச்சது அஞ்சாப்பு. நான் கேக்கறதெல்லாமே எனக்குத் தெரியாததுதான்."

பிரிசில்லா யோசித்தாள். ஒரு வாரமாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான் ஒன்பது வருஷம் சொல்லிக் குடுத்தவ. எனக்குத் தெரிஞ்சது எவ்வளவோ இருக்கு. அதையெல்லாம் என்ன பண்றது?"

"அந்த ஒன்பது வருஷத்துல பிள்ளைங்க உங்கள என்ன கேட்டாங்க?"

வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். பிரிசில்லா நினைத்து நினைத்துப் பார்த்தாள். பாத்ரூம் போகட்டுமா மிஸ் என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணி குடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

மைமூன் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேக்கறேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கச் சொல்லித் தாங்கக்கா."

பிரிசில்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதி உயர்த்திக் காட்டினாள்.

"எங்க, இது என்ன எழுத்து..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அட்டையைக் கீழே வைத்தாள். பேனாவையும் மூடி வைத்தாள்.

"மைமூன், நீங்க எதைப் படிக்கணும்?"

மைமூன் வாசல் பக்கம் பார்த்தாள். ரிஸ்வானா தம்பி தங்கையோடு வெளியே இருந்தாள். அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எதுத்த வீட்டுப் பிள்ளைகிட்டக் கேட்டுக் கேட்டு ரிஸ்வானா இங்கிலீஷ்ல எழுதப் பழகிட்டா. பக்கம் பக்கமா எழுதறா. எழுதினதயெல்லாம் ஓடியாந்து மொதல்ல எங்கிட்டதான் காட்டறா. நானும் நல்லாருக்கும்மா, நல்லாருக்கும்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நல்லாருக்கான்னு எனக்குத் தெரியாதுக்கா."