கணினிக்குச் சொன்ன தேதி

அடிகள் மறைந்தபின் மடத்தின் பொறுப்பு மெய்யம்மைக்கு வந்தது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், நாற்பது வயது. மற்ற சீடர்கள் அவரை அம்மை என்றார்கள். சிவக்கொழுந்து மட்டும் டீச்சர் என்றார்.

சிவக்கொழுந்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அடிகளின் உரைகளைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். குருபூசைக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். அது அச்சுக்குப் போனதும் மடத்தைவிட்டே போய்விடப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலைத் தியானத்தின் நடுவில் எழுந்து வந்து மெய்யம்மையின் முன் நின்றார்.

“போச்சு, டீச்சர்.”

“எது?”

“புத்தகம். புது சிஸ்டம் வந்திருக்கு, ஏத்தட்டுமா ஏத்தட்டுமான்னு கம்ப்யூட்டர் தினம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் தள்ளிக்கிட்டே வந்தேன். நீங்கதான் சொன்னீங்க, இத்தனை தடவை கேட்குதே, சரின்னு சொல்லிடுங்கன்னு.”

“ஆமா, சொன்னேன்.”

“சொல்லிட்டேன். இப்போ பக்கம் கட்டுற சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது. அது ரொம்பப் பழசாம், புது சிஸ்டத்துல ஓடாதாம்.”

“புதுசுல திரும்ப அடிக்க முடியாதா?”

“அடிச்சா சொல்லு வரும். வரி வராது. எந்த வரியை எங்கே உடைக்கணும்னு அடிகள் பக்கத்துல உட்கார்ந்து சொன்னது அது. இங்கே மூச்சு விடட்டும், இங்கே விட வேண்டாம்னு.”

“அப்போ பழைய சிஸ்டத்தையே போட்டுடுங்க.”

“எங்கே போய் வாங்க? கம்பெனிக்காரன் நெட்ல வைச்சிருக்கிற கடையிலே தேடிட்டேன். புதுசை மட்டும்தான் காட்டுறான். பழசுன்னு ஒண்ணு இருந்த மாதிரியே தெரியலை. புதுசு வந்து உட்கார்ந்தா அப்படித்தான் போலிருக்கு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மெய்யம்மை உட்கார்ந்திருந்த, அடிகளின் பலகையைப் பார்த்தார்.

மெய்யம்மை சிரித்தார். “சரக்கை எடுத்துட்டானா? இல்லை, போர்டை மட்டும் கழட்டிட்டானா?”

சிவக்கொழுந்து திரும்பிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தார்.

மதியம் ஓட்டமும் நடையுமாக வந்தார். அதே கம்பெனியின் உதவிப் பக்கம் ஒன்றில், ஒரு மூலையில், பழைய பதிப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கடையில் தேடினால் கிடைக்காது. இந்தப் பக்கத்தின் வழியாகப் போனால் அதே கடை ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தது.

இறங்க வெகுநேரமானது. மடத்து இணையம் அப்படி. திரையில் நீலக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. எழுந்துபோய்க் கிணற்றைச் சுற்றினார். வந்து பார்த்தார். திரும்பவும் சுற்றினார். சாப்பாட்டு மணி அடித்தது. போகவில்லை.

மறுநாள் புத்தகத்தைத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு, கணினியைச் சுத்தமாகத் துடைத்து, பழைய பதிப்பைப் பென் டிரைவிலிருந்து ஏற்றப் பார்த்தார். பிறகு நேராக மெய்யம்மையிடம் வந்தார்.

“கெட்டுப்போன சரக்கு, டீச்சர். புதுசையும் துடைச்சாச்சு. இப்போ புதுசும் இல்லை, பழசும் இல்லை.”

“கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னது?”

“அதுவேதான் சொல்லுது. இந்தக் கோப்பு பழுதாகிவிட்டது, நிறுவ முடியாதுன்னு.”

“பழுதானது இவ்வளவு தெளிவாப் பேசுமா?”

“விளையாடாதீங்க.”

“விளையாடலை. ஏன்னு தேடுங்க.”

போனில் தேடிக்கொண்டே கிணற்றைச் சுற்றினார். மாலையில் வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“கோப்புல ஒண்ணும் பழுதில்லையாம். கம்பெனி அதுல போட்ட முத்திரைக்குக் கெடு முடிஞ்சுபோச்சாம். கம்ப்யூட்டரோட தேதியை அந்தக் கெடுவுக்கு முன்னாடி நகர்த்தி வைச்சா ஏத்துக்குமாம்.”

“நகர்த்த வேண்டியதுதானே?”

“பொய் சொல்றதில்லைன்னு இந்த மடத்துல சத்தியம் பண்ணியிருக்கோம்.”

“யார்கிட்டே பொய் சொல்றீங்க?”

“கம்ப்யூட்டர்கிட்டே.”

“தெரிஞ்சா கோவிச்சுக்குமோ?”

அவர் சிரிக்கவில்லை. மெய்யம்மை கேட்டார், “என்ன தேதி வைக்கணும்?”

“கெடுவுக்கு முன்னாடி எதை வேணும்னாலும் வைக்கலாம்.”

“நீங்க எதை வைக்கப் போறீங்க?”

சிவக்கொழுந்து தரையைப் பார்த்தார். “சித்திரைப் பௌர்ணமி. அடிகள் கடைசியாப் பேசின நாள்.”

“வையுங்க” என்றார் மெய்யம்மை.

கணினி அந்தத் தேதியை நம்பியது. பழைய பதிப்பு ஏறியது. சாஃப்ட்வேரையும் திரும்ப ஏற்றினார், ஓடியது. புத்தகம் திறந்தது. ஒரு வரிகூட இடம் மாறவில்லை.

சிவக்கொழுந்து அறையைச் சாத்திக்கொண்டு மெய்ப்புப் பார்த்தார். திரையின் மூலையில் சித்திரைப் பௌர்ணமி நின்றது. ஒரு வரியில் சந்தேகம் வந்தபோது பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, “இங்கே உடைக்கலாமா, சாமி?” என்று கேட்டேவிட்டார். பிறகு அந்த நாற்காலியைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.

மெய்ப்பு முடிந்தது. பையைக் கட்டிவைத்துவிட்டு, புத்தகத்தை அச்சகத்துக்கு அனுப்ப உட்கார்ந்தார். மின்னஞ்சல் திறக்கவில்லை. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றும் சொன்னது.

போய் மெய்யம்மையைக் கூட்டிவந்தார்.

“தேதியைச் சரிபண்ணினாத்தான் வெளியே அனுப்ப முடியும். சரிபண்ணினா பழசு நிற்குமா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படி, டீச்சர்?”

“மாத்திப் பார்த்தாத் தெரியும்.” மெய்யம்மை மவுஸை நோக்கிக் கையை நீட்டினார்.

சிவக்கொழுந்து சட்டென்று மவுஸின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார். “வேண்டாம். போயிடும்.”

“எது?”

அவர் கையை எடுக்கவில்லை. மெய்யம்மை தன் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே போன் அடித்து ஓய்ந்தது; அச்சகமாகத்தான் இருக்கும்.

வெகுநேரம் கழித்துச் சிவக்கொழுந்து தானே இன்றைய தேதியை வைத்தார். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாருங்க” என்றார் மெய்யம்மை.

புத்தகம் திறந்தபடியே இருந்தது. அடிகள் உடைத்த இடத்தில் வரிகள் உடைந்திருந்தன. தேங்கிக் கிடந்த அஞ்சல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ‘அண்ணே, ஊருக்குப் போயிட்டீங்களா, இருக்கீங்களா?’ என்று அச்சகத்துக்காரர் கேட்டிருந்தார். சிவக்கொழுந்து புத்தகத்தை அனுப்பினார்.

“சாயங்காலம் பஸ் இருக்கு” என்றார் மெய்யம்மை. “வாசல்வரைக்கும் வரட்டுமா?”

சிவக்கொழுந்து நாற்காலியைவிட்டு எழவில்லை.

“போகணும்னு ஆசை இல்லை, டீச்சர். இருக்கத்தான் தெரியலை. இங்கே எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு அவர் இருந்த நாளாவே இருக்கு. அதை வைச்சுக்கிட்டு இன்னைக்கு எப்படி இருக்கிறது?”

மெய்யம்மை திரையைக் காட்டினார்.

“உள்ளே வர்றதுக்குத்தான் அந்தப் பழசு பழைய தேதியைக் கேட்டுச்சு. இருக்கிறதுக்குக் கேட்கலையே.”