தலையணை வரை வந்த பனி

வருஷக் கடைசி. மலையடிவாரக் கோயிலில் குரு தெஷின் ஜன்னல் காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் அது வழக்கம். ஜன்னல் சட்டங்களில் ஒட்டிய காகிதம் ஒரு வருஷத்தில் மஞ்சளாகிவிடும். புது வருஷத்துக்குள் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். தண்ணீர் தடவி ஊற விடணும். அவசரப்பட்டால் பாதி மரத்திலேயே தங்கிவிடும்.

சீடர் தாமோன் பனியில் நடந்து வந்து சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு எழுபதைத் தாண்டியாயிற்று. ஊரறிந்த நாவலாசிரியர். கையில் ஒரு துணி மூட்டை.

"இதை உங்க அடுப்புல போடணும், குருவே."

"குளிர்காலத்துல விறகு வந்தா வேண்டாம்பேனா? என்ன அது?"

"என் புது நாவல்."

"நல்லா வரலையா?"

"நான் எழுதினதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு."

குரு ஒரு சட்டத்தை அவர் பக்கம் தள்ளினார். "சும்மா நிக்காதீங்க பெரியவரே. அந்த முனையைப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

தாமோன் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நாவலில் ஒரு கிழவன். பெயர் ஹெய்சுகே. மனைவி கைகால் விழுந்து படுக்கையில் கிடக்கிறாள். கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அவன்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்கிறது ஊர். ஒரு பனி நாளில் அவன் அவள் அறை ஜன்னலைத் திறந்து வைக்கிறான். அடுத்த அறைக்குப் போய்த் தேநீர் போட்டுக் குடிக்கிறான். திரும்பி வரவே இல்லை. பொழுது சாயும்போது அவள் மூச்சு நின்றிருக்கிறது. ஊர் வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

"உங்க வீட்டம்மா ஒகினுவும் படுக்கையிலதானே?"

"ஆமாம். நானும் கஞ்சி ஊட்டறேன். ஊரும் என்னைக் கும்பிடுது." தாமோன் சட்டத்தைத் தரையில் வைத்தார். "ஆனா ஹெய்சுகே நான் இல்லை. சத்தியமா இல்லை. வயசாக ஆக உடம்புல இடம் காலியாகுது குருவே. கண்டதெல்லாம் குடி வந்துடுது. ஏதோ ஒரு பேய் என் கையைப் பிடிச்சு எழுதிட்டுப் போயிருக்கு. அதை நீங்க விரட்டணும்."

"சொந்தச் சரக்கைப் பேய் தலையில கட்டப் பாக்கறீங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. ஒகினு இதை வாசிச்சுக் காட்டச் சொல்றா. தினமும் இதே பேச்சு. நான் எப்படி வாசிப்பேன்? கேட்டா அவ உயிரே போயிடும்."

"வாசிக்கலேன்னா?"

"என்னைப் பாத்துக்கிட்டே இருக்கா. ஒண்ணும் பேசாம. கஞ்சி ஊட்டும்போதுகூட."

குரு மூட்டையை அவிழ்த்தார். "ஜன்னல் வர்ற இடம் எது?"

தாமோன் எடுத்துக் கொடுத்தார். குரு ஈரக் கையோடு தாளைப் பிடித்துச் சத்தமாக வாசித்தார்.

'ஜன்னலை ஒரு சாண் திறந்தான். பனி உள்ளே வந்து தலையணையில் விழுந்தது. பிறகு அவள் கன்னத்தில். அது உடனே கரையவில்லை.'

வாசித்துவிட்டு எழுந்து போனார். இன்னும் உரிக்காத ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுல படுக்கை எங்கே இருக்கு? ஜன்னலை ஒட்டியா?"

"குளிர் அடிக்குமே. எதிர்ச் சுவரோரம், தள்ளித்தான். நாவல்லயும் அப்படித்தான்."

குரு ஓர் இருக்கை மெத்தையை எடுத்து, அந்தப் படுக்கை மாதிரி ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி ஜன்னலோரம் தரைப் பாயின் விளிம்பில் விழுந்தது. அங்கேயே கரைந்தது. மெத்தை காய்ந்தே கிடந்தது.

"ஒரு சாண் திறந்தா பனி அவ்வளவு தூரம் வராது. தப்பா எழுதியிருக்கீங்க. இதுக்குப்போய் நல்ல நாவல்னு பேரு."

தாமோனுக்கு முகம் சிவந்தது. இத்தனை வருஷ எழுத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"தப்பா? எனக்கா சொல்றீங்க? ஏன் வராது? படுக்கையை இழுத்துப் போட்டா தலையணை வரைக்கும் வரும்!"

அப்புறம்தான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

குரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாவல்ல படுக்கையை யாரும் இழுக்கலையே."

"இல்லை."

"அப்போ இழுத்தது யாரு?"

தாமோன் பாயில் உட்கார்ந்துவிட்டார். சட்டத்தில் ஊறிய காகிதம் தானாக வழிந்து தொங்கியது.

"போன குளிர்காலம். கஞ்சியைத் துப்பிட்டா. அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை துப்பியிருக்கா. அன்னைக்கு மட்டும் என்னவோ... இழுத்துப் போட்டுத் திறந்துட்டு அடுத்த அறைக்குப் போனேன். தேநீருக்குத் தண்ணி வச்சேன். அது கொதிக்கிற சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் பதறிப்போச்சு. ஓடி வந்து சாத்திட்டேன். கன்னத்துப் பனியைத் துடைச்சேன். படுக்கையைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அவ நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது?"

"கண்ணு மூடியிருந்தது."

"சரி. வாசிக்கச் சொல்லும்போது என்னன்னு கேக்கறாங்க?"

"'அந்த ஜன்னல் கதையை வாசிங்க'ன்னு."

"கதையில ஜன்னல் வருதுன்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

தாமோன் அவிழ்ந்த மூட்டையைப் பார்த்தார். வீட்டில் அந்தக் கையெழுத்துப் பிரதி எப்போதும் பெட்டியில் பூட்டித்தான் கிடந்தது. அவளால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. அவரும் இன்றுவரை ஒருவரிடமும் வாய் விட்டதில்லை.

நிமிர்ந்து கேட்டார்:

"திறந்தவன் ஒருத்தன். பதறி ஓடி வந்து சாத்தினவன் ஒருத்தன். ரெண்டு பேருமே இந்த உடம்புலதான் இருக்காங்க. இதுல எவன் நான்? அதை மட்டும் சொல்லிடுங்க குருவே. போய் வாசிச்சுடறேன்."

குரு பிரதியை மறுபடி துணியில் கட்டினார். முடிச்சை இறுக்கி அவர் மடியில் வைத்தார். ஜன்னலைச் சாத்தவில்லை.

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க பெரியவரே? பனி விழுந்தது என் கன்னத்துலயா?"