‘போதும்’ என்னும் புரதம்

டாக்டர் ரூத் ஜெபமணி ஆய்வுத் தலைப்பைச் சொன்னதும் மருத்துவ மாணவி செண்பகவல்லியின் முகம் தொங்கிவிட்டது. செல்லுக்கு வரும் சேதியை வாங்கி அதை அடக்கிவைக்கும் தடுப்பு ஜி புரதம்!

“மேடம், செல்லைத் தூண்டிவிடுற ஜி புரதமும் இருக்கே. அதைத் தரக் கூடாதா? இது வர்ற சேதிக்கெல்லாம் ‘போதும், அடங்கு’ன்னு மட்டும்தானே சொல்லுது. தடுக்கிறதுல என்ன பெருமை?”

ரூத் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் ஓடினார்கள்.

கட்டிலில் இசக்கிராஜா என்ற இளைஞன். கபடி ஆடும்போதே சரிந்துவிட்டானாம். பனியனெல்லாம் மண். நெஞ்சு வெளியே தெரியும்படி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் துடிப்பு எண் இருநூறைத் தாண்டியிருந்தது.

“ஏய்யா, என்னையப் பாருய்யா!” கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவன் தாய் அரற்றினாள்.

“ஊசி போடலாமா மேடம்?”

“மருந்தை எடுத்து வைக்கச் சொல்லு. அதுக்குள்ள இதைக் கொடு.”

ரூத் நீட்டியது காலி சிரிஞ்ச்.

“இதுல மருந்தே இல்லையே!”

“மருந்து அவன்கிட்ட இருக்கு. ஊதச் சொல்லு.”

வல்லிக்குச் சட்டென்று விளங்கியது. அவனருகே குனிந்தாள்.

“தம்பி, கபடி பாடிப் போறப்ப மூச்சைப் பிடிப்பீங்கல்ல? அந்த மூச்சு மொத்தத்தையும் இதுல ஊதுங்க. உள்ள இருக்கிற தண்டு நகரணும். விட்றாதீங்க!”

ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது.

“இப்பப் படுங்க!”

தலைமாட்டைத் தாழ்த்தி, அவன் கால்களை அவளே தூக்கிப் பிடித்தாள். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் நரம்பு இந்நேரம் விழித்திருக்கும். அதன் சேதியைத் தடுப்புப் புரதம் வாங்க வேண்டும். வாங்கி, இதயச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாசலைத் திறக்க வேண்டும்; அப்போதுதான் துடிப்பு அடங்கும். திறக்குமா?

திரையில் கோடு நேராயிற்று. துடிப்பே இல்லை.

தாய் வீறிட்டாள். வல்லி அவன் கால்களை விடவில்லை.

ஒரு துடிப்பு. ஒரு மூச்சு இடைவெளி. இன்னொன்று. பிறகு, அவசரமே இல்லாத இதயமொன்று தன் பாட்டுக்கு நடக்கத் தொடங்கியது.

“அடங்கிருச்சு மேடம்! அடங்கிருச்சு!” வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள் வல்லி. செவிலியர்கள் கைதட்டினார்கள். இசக்கிராஜா தண்ணீர் கேட்டான்.

தாய் வல்லியின் கைகளை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம்புள்ள உசுர ஓட வச்சிட்டியே தாயி!”

“நான் ஓட வைக்கலம்மா. ஓடுனதைத் தடுத்தேன், அவ்வளவுதான்.”

“அந்த அம்மா சொன்னதுதான் சரி, வல்லி. தடுத்ததாலதான் ஓடுது” என்றார் ரூத்.