ஈரம்மாளின் மேல்மண்

விலங்கும் பறவையும் புழுவும் மனம்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு புல்வெளிக்கு அடியில், நெருப்பு வைத்தால் எரிகிற கறுப்புக் கல் கிடப்பதைப் பெருச்சாளி வளையப்பர் கண்டுபிடித்தார். மார்கழிக் குளிரில் குட்டிகள் விறைத்துச் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. காடே கூடி, தோண்டியே தீருவது என்று முடிவெடுத்தது. வளையப்பரே மேஸ்திரி.

அந்தப் புல்வெளி மண்புழுக்களின் ஊர். அவர்களுக்குத் தலைவி ஈரம்மாள். அப்போதெல்லாம் மண்புழுவுக்குக் கண் உண்டு, கணீரென்ற குரலும் உண்டு. ஏழு தலைமுறையாகச் சருகைத் தின்று தின்று அவர்கள் சேர்த்த மேல்மண் இரண்டு சாண் கனம் இருந்தது. முயலும் மானும் மேய்ந்த புல்லெல்லாம் அந்த இரண்டு சாணில் முளைத்ததுதான்.

"குளிருக்குக் கல்லு வேணும்னா எடுத்துக்குங்க, நாங்க நகர்ந்துக்கறோம்" என்றாள் ஈரம்மாள். "ஆனா ஒண்ணு. முதல்ல மேல்மண்ணைத் தனியா வழிச்சு, தாழ்வாக் குவிச்சு வைக்கணும். அடியில வர்ற களியும் கசப்புக் கல்லும் அதுமேல ஒரு பிடிகூடப் படக்கூடாது, பட்டா புல்லு முளைக்காது. அதையெல்லாம் பாறைமேட்டுக்கு அந்தாண்ட கொட்டுங்க. வேலை முடிஞ்சதும் அடியில இருந்தது அடியில, மேல இருந்தது மேல. சரிதானா?"

வளையப்பர் மீசையை நீவிக்கொண்டு, "என் வால்மேல சத்தியம்மா" என்றார். சத்தியம் தவறிய பிறகு அந்த வாலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அதுதானே வயிற்றெரிச்சல்!

முதல் பத்து நாள் எல்லாம் சொன்னபடி நடந்தது. மேல்மண் குழியின் வாயருகே குவிந்தது. களியையும் கசப்புக் கல்லையும் கழுதை பொதியன் முதுகில் சுமந்து பாறைமேடு தாண்டிக் கொட்டிவிட்டு வந்தான். ஒரு நடைக்கு அரை நாள் பிடித்தது. பதினோராம் நாள் வளையப்பருக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா இவ்வளவு தூரம்? இதோ பக்கத்துலயே ஒரு குவியல் கிடக்குதே, அதுமேல கொட்டு."

"மேஸ்திரி ஐயா, அது புழுக்களோட மண்ணாச்சே?"

"குழியில இருந்து வந்தது எல்லாம் குப்பைதான். குப்பையில என்னடா உன் குப்பை, என் குப்பை? கொட்டுடா!"

பொதியன் கொட்டினான். ஈரம்மாள் செய்தி கேட்டு ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மேல்மண் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு மலை நின்றது.

"பாவி! ஏழு தலைமுறை மண்ணுய்யா இது!"

"மண்ணுமேல மண்ணு விழுந்தா என்னம்மா குறைஞ்சுபோச்சு?" என்று வளையப்பர் கொட்டாவி விட்டார்.

அவள் பொதியன் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சுமக்கச் சொன்னாங்க, சுமந்தேன்" என்றான்.

"சுமக்க முதுகு இருந்துச்சு, சரி. மாட்டேன்னு சொல்ல வாய் எங்கடா போச்சு?"

ஈரம்மாள் யானையாரிடம் முறையிட்டாள். காட்டில் எதையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். அவர் வருவதாகச் சொன்ன நாளன்று விடியும் முன்பே, வளையப்பர் வேறு இடத்துப் புல்லை வேரோடு பிடுங்கிவந்து மலைமேல் செருகி வைத்தார். யானையார் வந்தார், வளையப்பர் நீட்டிய கரும்பைத் தின்றார், தூரத்தில் நின்றபடியே பார்த்தார். "பச்சைப்பசேல்னு இருக்கே! பேஷ்!"

"கீழ பாருங்கய்யா! வேரைத் தொட்டுப் பாருங்கய்யா!" என்று அவர் காலடியில் ஈரம்மாள் கத்தினாள்.

"இந்தப் புழுவுக்குக் கத்தறதே வேலை" என்று வளையப்பர் சிரித்தார். யானையாரும் சிரித்தார். மூன்றாம் நாள் அந்தப் புல் வைக்கோலாகிக் கிடந்தது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

மழை வந்தது. கறுப்பு மலையிலிருந்து துருநிறத்தில் நீர் கசிந்து குளத்தில் இறங்க, மீன்கள் மிதந்தன. எரிகிற கல் தீர்ந்ததும் வளையப்பர் தம் கூட்டத்தோடு வேறு காட்டுக்குப் போய்விட்டார். தோண்டிய குழியும் கொட்டிய மலையும் அப்படியே நின்றன. ஒரு புல் முளைக்கவில்லை. குளிருக்குத் தப்பிய முயல்குட்டிகள் பசியில் சுருண்டன.

ஒரு தாய் முயல் வந்து, "அக்கா, என் புள்ளைங்களுக்குப் புல்லு எப்போ வரும்?" என்று கேட்டாள்.

ஈரம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "கொட்டினவன் வரமாட்டான். பார்க்க வந்தவன் சரியாப் பார்க்கலைன்னு ஒத்துக்கமாட்டான். நம்ம மண்ணு கீழதானே கிடக்குது? நானே எடுத்துட்டு வர்றேன்."

கைகால் இல்லாதவள் எதில் எடுப்பாள்? வாயில்தான். கசப்புக் களியைத் துளைத்துக்கொண்டு அடிவரை போனாள். மேல்மண்ணை வாய் நிறைய விழுங்கினாள். வந்த வழியே ஏறி, மலைமேல் அதை ஓர் உருண்டையாக வைத்தாள். களி கண்ணை எரித்தது. மறுபடியும் போனாள். அவள் பின்னால் அவள் ஊரே போனது. எத்தனையோ மழைக்காலம் கழித்து மலைமேல் ஒரு விரற்கடை மண் சேர்ந்து முதல் புல் தலைகாட்டியபோது, அதைப் பார்க்க மண்புழுக்களுக்குக் கண் இல்லை. யார் செய்த அநியாயம் என்று சொல்லக் குரலும் இல்லை. இரண்டையும் கசப்புக் களி தின்றுவிட்டிருந்தது. முயல்குட்டிகள் மட்டும் மேய்ந்தன.

அன்று தொட்டுத்தான் மண்புழு அடிமண்ணை விழுங்கி, உருண்டை உருண்டையாக மேலே கொண்டுவந்து வைக்கிறது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காமல் போனவர்களில் ஒருவர்கூட அதற்குக் கைகொடுக்க இன்றுவரை வரவில்லை.