கேலரி நிறைய கிளாடியஸ்

கொரோனா கொஞ்சம் தணிந்து, ஆளில்லாத ஆட்டங்களுக்குக் கடல் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கரையோர மைதானத்தில் பெண்கள் கால்பந்து இறுதிப்போட்டி வந்தது. கேலரியில் பாதி இடத்துக்கு ஆட்களை விடலாம், முகக்கவசம் கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது. கால்பந்து சங்கத் தலைவர் கிளாடியஸுக்கு எங்களை உள்ளே விட மனமில்லை. எங்கள்மேல் மீன்வாடை அடிக்கிறது என்று முன்பே சொன்னவர் அவர், நான் மறக்கவில்லை. தன் படத்தையே ஆளுயர அட்டைகளாக வெட்டிப் பாதி கேலரியை நிரப்பிவிட்டார். கடற்காற்றில் அத்தனை கிளாடியஸும் தூக்கத்தில் இருப்பவர்கள் போலத் தலையாட்டினார்கள்.

வாசல் காவல்காரர் ததேயூஸின் மகள்தான் அன்று எங்கள் கோல்கீப்பர். அவள் தாய் எங்களோடு வெளியே வெயிலில் நின்றாள்.

“ஐயா, சனங்களை உள்ளே விடட்டுமா?” என்று ததேயூஸ் கேட்டார்.

“பாதி இடம் நிறைஞ்சாச்சுல்லா? உத்தரவை மீறாம இன்னும் ஒரு ஆளை உட்கார வெச்சுக் காட்டு லேய், பாப்பம்!” என்றார் தலைவர்.

ததேயூஸ் அங்கே நின்ற சுகாதார ஆய்வாளரிடம் திரும்பினார். “அம்மா, உள்ளே இருக்கிற ஒருத்தர்கூட முகக்கவசம் போடல்ல. எல்லாருக்கும் அபராதம் போடுங்க.”

“லேய், அது வெறும் அட்டை!” என்று தலைவர் பதறினார்.

“அப்போ இடம் காலிதானே ஐயா?”

ஆய்வாளர் சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டு, “கதவைத் திறங்க” என்றார்.

கனவில் நடப்பவர்கள் போல உள்ளே போய், இடைவெளி விட்டு நின்றோம். சிமெண்ட் படி கொதித்தது. ஆளுக்கொரு தலைவரை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம்.

முகம் மேலே தெரியும்படி மடித்தவன் நான் மட்டும்தான்.