மிளகி மதில் தாண்டிய கதை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செம்பாறை என்கிற நாட்டை விருதுராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அவரை ஆட்டிவைத்தது மிளகி என்கிற பூனை. அது தும்மினால் வைத்தியருக்கு ஆள் போகும்.

அந்தப்புரத்து ஜன்னலில் உட்கார்ந்து வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த மிளகியை, ஒருநாள் ராஜா மனமிரங்கித் தோட்டத்தில் விடச் சொன்னார். அதற்குப் பால் ஊற்றும் வடிவு என்ற பெண்தான் தூக்கிக்கொண்டு போய் விட்டாள். விட்டதுதான் தாமதம், பூனை மாமரத்தில் ஏறி, மதிலில் தாவி, தெருவில் குதித்துவிட்டது. சாயங்காலம் அது திரும்பி வந்தபோது ஒரு காது பாதிதான் இருந்தது. தெருநாய் கடித்திருந்தது.

ராஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "யார் விட்டது? வடிவா? யானைக்காலில் போடுங்கள் அவளை!"

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பூனைக் காதுக்கு ஒரு பெண்ணின் உயிரா! வடிவுக்கு அழக்கூட வரவில்லை.

அமைச்சர் ஆவுடையப்பர் மெல்ல எழுந்தார். "மகாராஜா, மிளகி வேறு யார் கையிலும் பால் குடிக்காது. முதலில் தோட்டத்தைப் பத்திரமாக்குவோம். அப்புறமும் பூனை வெளியே போனால் தங்கள் சித்தம்."

"சரி. இன்னொரு தரம் மிளகி மதில் தாண்டினால் இவள் தலை தரையில் உருளும்!"

ஆவுடையப்பருக்கு எங்கே நல்ல பெயர் வந்துவிடுமோ என்று வயிறெரிந்தார் அலங்கார அதிகாரி குலசேகரத்தார். "அந்த வேலையை என்னிடம் விடுங்கள் பிரபு!" என்று முந்திக்கொண்டார். மதிலை இரண்டாள் உயரம் எழுப்பினார். உச்சியில் இரும்பு முள் பதித்தார். அழகுக்காகச் சுற்றிலும் அரளியும் செங்காந்தளும் நட்டார். ராஜாவுக்குப் பரம சந்தோஷம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனைப் பிராணிக்கு எதைக் கட்டினாலும், கட்டியவர்தான் முதலில் அதில் இருந்து காட்ட வேண்டும். குதிரை லாயம் கட்டியவர் சபைக்கு முன்னால் கொள்ளு தின்றிருக்கிறார். ஆகவே குலசேகரத்தார் பட்டு வேட்டியோடு தோட்டத்தில் பூனைபோல நாலுகாலில் உட்கார்ந்தார். யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பூனை எழுந்ததும் பச்சையாக எதையாவது கடிக்கும்" என்று ஆவுடையப்பர் ஓர் அரளி இலையைப் பறித்து நீட்டினார். "கடியுங்கள், ஐயா."

குலசேகரத்தார் முகம் வெளுத்தது. "இது... இது விஷமாச்சே!"

"அப்படியா? அந்தச் செங்காந்தள்?"

"அது இன்னும் மோசம், ஐயா!"

"போகட்டும். பூனை மதிலில் தாவும். நீங்களும் அந்த முள்மேல் ஒரு தாவல்..."

"வயிறு கிழிந்துவிடும்!"

ராஜா நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி! நீ என் மிளகிக்குக் கட்டியது தோட்டமா, கொலைக்களமா?"

பொறுப்பு ஆவுடையப்பர் கைக்கு வந்தது. விஷச்செடிகளையும் முள்ளையும் பிடுங்க வைத்தார். மதிலை ஒட்டிய மாமரக் கிளையை வெட்டினார். கிணற்று வாய்க்கு மூங்கில் தட்டி போட்டார். அருகம்புல் வளர்த்தார். கடைசியாகக் கடற்கரையிலிருந்து பழைய மீன்வலைகளை வரவழைத்து, மேல்பக்கம் தோட்டத்துக்குள் வளையும்படி மதில் நெடுக நட்ட மூங்கில்களில் தொளதொளவென்று தொங்கவிட்டார். வழக்கப்படி சபைக்கு முன்னால் புல்லில் படுத்து ஒரு வாய் அருகம்புல்லும் மென்று காட்டினார்.

"வலையில் பூனை ஏறாதா? நல்ல கூத்து!" என்று சிரித்தார் குலசேகரத்தார். சிரித்ததோடு நிற்கவில்லை. மதிலுக்கு வெளியே ஓர் ஆளை உட்காரவைத்து வாளைமீன் வறுக்கச் சொன்னார்.

வாசனை வந்ததும் மிளகி ஒரே பாய்ச்சலில் வலையில் ஏறியது. "ஐயோ!" என்றது சபை. வடிவு கண்களை இறுக மூடிக்கொண்டாள். பாவம், அவள் கழுத்தல்லவா!

ஏற ஏற வலை தொய்ந்தது, ஆடியது. உச்சியில் மூங்கில் உள்ளே வளைந்ததும் பூனை தலைகீழாகத் தொங்கியது. அப்புறம் பொத்தென்று புல்லில் குதித்து, அதற்காகவே ஏறினதுபோல முன்னங்காலை நக்கியது. மறுபடி ஏறிப் பார்த்தது, மறுபடி குதித்தது. பிறகு வெயிலில் மல்லாந்து தூங்கிவிட்டது.

"காலுக்கு அடியில் ஆடுவதைப் பூனை நம்பாது, மகாராஜா" என்றார் ஆவுடையப்பர்.

மீன் வறுத்தவனைக் காவலர்கள் சட்டியோடு சபை மண்டபத்துக்கு இழுத்து வந்தார்கள். யாரும் கேட்காமலே அவன் குலசேகரத்தாரைக் காட்டிக்கொடுத்தான். அதிகாரியின் தலைப்பாகையைக் கழற்றித் தோட்டத்துக்குக் களை பிடுங்க அனுப்பினார் ராஜா.

"அமைச்சரே, என்ன வேண்டும்? கேளும்!"

"தங்கள் ஆணையை ஒரு சொல் மாற்ற வேண்டும். இனிப் பூனை மதில் தாண்டினால், தாண்டிய பூனையின் தலையையே வாங்குங்கள்."

ராஜா துள்ளி எழுந்தார். "என் மிளகியின் தலையையா? உமக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா? ஏதோ குதித்துவிட்டது என்பதற்காக ஓர் உயிரை எடுப்பதா?"

ஆவுடையப்பர் திரும்பினார். தூணோரம் நின்ற வடிவைப் பார்த்தார். சபை முழுவதும் அவளைப் பார்த்தது. கடைசியில் ராஜாவும் பார்த்தார்.

அவர் முகம் செத்துப்போயிற்று. சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தார். வடிவின் முன்னால் நின்றார். "அந்த ஆணை இல்லை, அம்மா. இனி யாருக்கும் இல்லை" என்றார்.

அத்தனை நாளும் அழாத வடிவு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.