முந்தின பெயர்

முதல் தவறு ஒப்பந்தக்காரருடையது. அவளை வேலைக்கு எடுத்தார், வருகைப் பதிவேட்டில் எழுதவில்லை. கேட்டபோது, "தெரியாம விட்டுப்போச்சு" என்றார். இரண்டாவது நிர்வாகத்துடையது. பஞ்சுக் கிடங்கின் பின்கதவைப் பூட்டி வைத்தது. மூன்றாவது அரசுடையது. தீயில் மாண்டவர்கள் பட்டியலில் அவளைச் சேர்க்கவில்லை. நான்காவது தவறை வேதமுத்து செய்தார்.

வேதமுத்து முப்பது வருடம் மில் வாசலில் கோஷம் போட்டவர். அறுபது வயதில் சங்கத்துக்காகக் கணினி நிரல் எழுதப் பழகினார். கற்றுக்கொடுத்த அருள்மேரிக்கு அவர் வயதில் பாதி.

இறந்தவர்களைச் சங்கமே தேடி விசாரித்துக் கணினியில் பட்டியல் ஏற்றியிருந்தது. அன்று காலை ஐந்து சாட்சிகள் முன் அதை வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் அது விசாரணை அதிகாரியிடம் போகும். வேதமுத்து எழுதிய நிரலில் அது அகர வரிசையில், பக்கத்துக்குப் பத்துப் பெயராகத் திரையில் வந்தது. முதல் பக்கத்தில் சின்னாத்தாள் இரண்டு முறை இருந்தாள். வேதமுத்து ஒன்றை அழித்துவிட்டு அடுத்த பக்கம் போனார். கடைசிப் பெயர் வரை படித்தார்.

கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒச்சப்பன் எழுந்தார். "எம் மக பேரு வரலையே, தோழர்."

வேதமுத்து உள்ளறைக்கு ஓடினார். "டீச்சர், என் கையாலயே ஏத்தின பேரு. எங்க போச்சு?"

அருள்மேரி பழைய உறுப்பினர் அட்டைகளை மேஜையில் அடுக்கினாள், வரிசைக்குப் பத்தாக. முதல் வரிசையிலிருந்து ஒன்றை உருவினாள். மற்றவற்றை நகர்த்தி இடைவெளியை மூடினாள். பதினோராவது அட்டை மேல் வரிசைக்கு ஏறிக்கொண்டது.

"இப்போ பத்தைத் தாண்டிப் படிங்க."

அவர் விரல் இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் நின்றது. மேலே ஏறிய அட்டையை அது தொடவே இல்லை.

"படிக்கிற இடத்தைக் காட்டுற கர்சரும் ஒரு விரல்தான், தோழர். பக்கத்துக்குப் பக்கம் அதை மூடி, மறுபடி திறக்கிறீங்க. திறந்து என்ன செய்றீங்க?"

"படிச்சது எத்தனைன்னு எண்ணித் தாண்டுறேன்."

"முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போற பகுதியையும் எழுதச் சொன்னேனே?"

"முன்னேறியே பழகினவன், டீச்சர். பின்வாங்குறதுக்கு எதுக்கு ஒரு பட்டன்னு விட்டுட்டேன்."

"மேடையில இதுக்குக் கை தட்டுவாங்க." அவள் சிரிக்கவில்லை. "ரெண்டாம் பக்கத்துல முதல்ல யாரைப் படிச்சீங்க?"

"மாயக்காள்."

"எண்ணாதீங்க. மாயக்காளுக்கு முந்தினவங்க யாருன்னு கேளுங்க. வரிசையைத் தலைகீழாக்கிக் கர்சரைத் திறங்க."

இரண்டே வரிதான். ஒரு முறை பிழையானது. மறுபடி தட்டினார். முதலாவதாக அந்தப் பெயர் வந்து நின்றது.

வேதமுத்து நாற்காலியை விட்டு எழவில்லை.

"தெரியாம விட்டுப்போச்சுன்னு ஒச்சப்பன்கிட்ட சொல்லிரட்டுமா, டீச்சர்?"

"ஒப்பந்தக்காரரும் அதைத்தான் சொன்னார். சாட்சிங்க காத்திருக்காங்க. படிங்க."

கூடத்தில் ஒச்சப்பன் இன்னும் உட்காரவில்லை. வேதமுத்து அவரைப் பார்த்துக்கொண்டே, கோஷத்துக்குப் பழகிய குரலில் படித்தார்:

"பவளக்கொடி. தகப்பன் பெயர் ஒச்சப்பன். வயது பத்தொன்பது."